ஹோஸ் போனா போகட்டும், பைப்பு பத்திரம்!

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன தடவை பழைய கார் வச்சிருக்கவங்க கூலிங் சிஸ்டம் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். ரேடியேட்டர், வாட்டர் பம்ப்னு வரும்னு நினைச்சு உக்காந்தா வந்ததுல பாதிக்கு மேல ஹீட்டர் ஹோஸ் சமாச்சாரம். எஞ்சின்லருந்து சுடு கூலன்ட்ட வண்டிக்குள்ள இருக்கற ஹீட்டருக்கு கொண்டு போய் திரும்ப கொண்டு வர்ற இந்த ரெண்டு ரப்பர் குழாயோட இவ்ளோ பேர் மல்லுக்கட்டிட்டு இருக்கீங்களான்னு ஆச்சரியமா போச்சு. சரி, இந்த வாரம் முழுக்க அதுதான்.

கேள்வி (குன்னூர்): சார், என்கிட்ட 98 மாடல் மாருதி 800 இருக்கு, கார்புரேட்டர் வண்டி, அப்பா வாங்குனது, விக்க மனசில்ல. எஞ்சினுக்கும் நாம உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்கற ஃபயர்வால் தகடு பக்கம் போற ரெண்டு ஹீட்டர் ஹோஸும் வெடிப்பு விட்டுருச்சு, ஒண்ணுல சொட்டு சொட்டா கூலன்ட் கசியுது. புது ஹோஸ் வாங்கி வச்சிட்டு ஞாயித்துக்கிழமை நானே இறங்குனேன். கிளிப் ரெண்டும் கழண்டுருச்சு, ஹோஸ் மட்டும் அசைய மாட்டேங்குது. டபிள்யூடி 40 ஸ்ப்ரே ஆயில் அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விட்டேன், ம்ஹும். பிளையர் வச்சு திருகுனா ஹோஸோட சேந்து உள்ள பைப்பே ஆடுற மாதிரி இருந்துச்சு, பயந்து விட்டுட்டேன். பக்கத்துல ஒரு மெக்கானிக் "கொண்டாங்க, ஒரே இழுப்புல வந்துரும்"ங்கறார். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. நீங்க பயந்து கைய எடுத்தீங்க பாருங்க, அந்த பயத்துக்கு ஒரு கும்புடு போடுங்க, அதுதான் உங்க டேஷ்போர்ட காப்பாத்திருக்கு.

பைப்பு ஆடுதுன்னு சொல்றீங்கள்ல, அப்படின்னா அது பாடியோட சேத்து வெல்டு அடிச்ச பைப்பு இல்ல, உள்ள ஹீட்டர் பெட்டிக்குள்ள இருக்கற கோர்லருந்து வெளிய நீட்டிட்டு இருக்கற பைப்பு. கோர்ங்கறது ஒரு கைக்குழந்தை சைஸ் ரேடியேட்டர். பழைய வண்டிகள்ல செம்பு, பித்தளையில செஞ்சு ஈயம் பத்த வச்சிருப்பாங்க, பின்னாடி வந்தது எல்லாம் அலுமினியம். எதுவா இருந்தாலும் பைப்போட சுவரு ரொம்ப மெல்லிசு. வெளிய நீங்க ஒரு திருகு திருகுனா உள்ள, உங்க கண்ணுக்குத் தெரியாத இடத்துல, பைப்பும் கோரும் சேர்ற பத்து விடும். அதுவும் அன்னிக்கே தெரியாது, ரெண்டு வாரம் கழிச்சு கால் வைக்கற எடத்துல கார்பெட் நனைஞ்சிருக்கும்போதுதான் தெரியும். அப்புறம் கோர் மாத்தணும்னா ஸ்டீயரிங்லருந்து ஆரம்பிச்சு டேஷ்போர்டு வரைக்கும் இறக்கணும். சில நூறு ரூவா ஹோஸுக்கு ஆசைப்பட்டு இந்த வேலையில மாட்டுனவங்க நிறைய பேரு.

அதுல நானும் ஒருத்தன். கோயமுத்தூர்ல ஒரு பட்டறைல கத்துக்குட்டியா இருந்த காலம், ஊட்டியிலருந்து ஒரு டாக்சி வந்துச்சு, இதே கம்ப்ளெயின்ட். முதலாளி டீக்கு போயிருந்தார், அவர் வர்றதுக்குள்ள முடிச்சு காட்டணும்னு நான் வாட்டர் பம்ப் பிளையர போட்டு ஒரு முறுக்கு முறுக்குனேன், "கடக்"னு கையோட வந்துருச்சு. ஹோஸ் வந்துருச்சுடான்னு சந்தோஷமா திருப்பி பாத்தா ஹோஸுக்குள்ள ரெண்டு இஞ்சு செம்பு பைப்பும் சேந்து உக்காந்திருக்கு. அந்த டிரைவர் ஒரு வார்த்தை திட்டல, பொட்டலத்துல இருந்த கடலைய தின்னுக்கிட்டே என்னையே பாத்துட்டு இருந்தார், திட்டியிருந்தாக்கூட தேவலைன்னு இருந்துச்சு. டேஷ்போர்ட நான்தான் இறக்குனேன், ராத்திரி பதினொரு மணி வரைக்கும்.

சரி, ஏன் இப்படி ஒட்டிக்குது? ஹோஸ் ரப்பர் ஈபிடிஎம்ங்கற வகை. இருவத்தஞ்சு வருஷமா தினமும் உள்ள கொதிக்கற கூலன்ட், வெளிய உங்க ஊர் குளிர், மேல கிளிப்போட நெருக்கல். ரப்பர் அப்படியே பைப்போட வடிவத்துக்கு இறுகி கட்டையாயிரும். அடியில பைப்பு அலுமினியமா இருந்தா வெள்ளைப் பொடி பூத்திருக்கும், இரும்பா இருந்தா துரு, அது வேற உப்பி ரப்பர கவ்விக்கும். இதுக்கு மேல, முன்னாடி மாட்டுன புண்ணியவான் ஒழுகக்கூடாதுன்னு ஷெல்லாக் வேற தடவியிருந்தா சொல்லவே வேண்டாம், சிமென்ட்தான். இந்த இடுக்குல எந்த ஆயிலும் இறங்காது. இன்னொண்ணு, ஈபிடிஎம் ரப்பருக்கு பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, ஊறி உப்பி பதம் கெட்டுப் போகும். பழைய ஹோஸ்ல அடிச்சது பரவால்ல, அது எப்படியும் குப்பைக்குப் போறது. புதுச மாட்டறதுக்கு முன்ன பைப்ப சோப்பு தண்ணி போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம தொடைச்சிருங்க.

இப்ப வழிக்கு வருவோம். வழி ஒண்ணுதான், வெட்டுங்க. புது ஹோஸ் கையில இருக்கும்போது பழசு மேல என்ன பாசம்?

எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும். ராத்திரி நிறுத்தி காலைல தொடுங்க. ஊட்டில தொறந்த பாத்திரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிரும், மலை உயரம் அப்படி. ரேடியேட்டர் மூடி உள்ள அழுத்தத்த பிடிச்சு வைக்கறதாலதான் கூலன்ட் 100 டிகிரிய தாண்டியும் கொதிக்காம கம்முனு கெடக்கு, சூட்டோட மூடிய தொறந்தா அந்த நிமிஷமே மொத்தமும் ஆவியா மூஞ்சில அடிக்கும். ஆறுனப்புறம் மூடிய தொறந்து, ரேடியேட்டர் அடியில இருக்கற டிரெயின் பிளக்க திறந்து ஒரு பேசின்ல பிடிங்க. அந்த பேசின தெருவுல வச்சுட்டு போயிராதீங்க. கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கிரும், கொஞ்சம் போனாலே கிட்னி காலி. சாக்கடைலயும் ஊத்தாதீங்க.

ஏர் ஃபில்டர் டப்பாவ கழட்டி ஓரமா வச்சுட்டா கை போக கொஞ்சம் இடம் கிடைக்கும். ரெண்டு ஹோஸும் எது எங்க போகுதுன்னு மொபைல்ல ரெண்டு மூணு போட்டோ எடுத்துக்கங்க, அப்புறம் ஞாபகம் இருக்கும்னு நினைக்காதீங்க, இருக்காது.

அடுத்து ஹோஸ விரலால அமுக்கிக்கிட்டே வாங்க, உள்ள பைப்பு எங்க முடியுதுன்னு தெரியும், அதுக்கு அப்பால ரப்பர் மட்டும் இருக்கற எடத்துல குறுக்க ஒரே வெட்டா வெட்டி நீளத்த எடுத்துருங்க. இப்ப பைப்பு மேல சின்ன துண்டு மட்டும் மோதிரம் மாதிரி நிக்கும், பாதி கஷ்டம் தீந்துச்சு, ஏன்னா இனிமே ஹோஸோட கனம் பைப்ப இழுக்காது. இந்த துண்ட நீளவாக்குல கீறணும், குறுக்க இல்ல. ஸ்டேஷனரி கடைல விக்கற கட்டர் பிளேடு போதும், கை நுழையலைன்னா உடைஞ்ச ஆக்ஸா பிளேடு துண்டுல ஒரு முனையில இன்சுலேஷன் டேப் சுத்தி அதையே பிடியா வச்சுக்கங்க.

இங்கதான் பொறுமை வேணும். ஹோஸ் ஒரே ரப்பர் இல்ல, மேல ஒரு தோல், நடுவுல நூல் பின்னல், உள்ள இன்னொரு தோல். முதல் கீறல்ல மேல்தோல் சத்தமில்லாம பிரியும், ரெண்டாவது மூணாவது கீறல்ல பிளேடு நூலுக்கு வந்ததும் கரகரன்னு கைக்குத் தெரியும். நூல் அறுந்து அந்த கரகரப்பு நின்னதும் நீங்களும் நின்னுருங்க. மிச்சம் இருக்கறது உள்தோல் மட்டும்தான், அதையும் பிளேடால அறுக்கறேன்னு போனா பைப்புல நீளமா ஒரு கோடு விழும், அந்த கோடு வழியாதான் நாளைக்கு புது ஹோஸ்லயும் கூலன்ட் கசியும். அதனால சின்ன ஃபிளாட் ஸ்க்ரூ டிரைவர அந்த கீறல்ல வச்சு, நெம்பாம, சாவி திருப்பற மாதிரி லேசா திருப்புங்க. வயசான ரப்பர் பட்டுன்னு பொளந்துக்கும். அப்புறம் நோஸ் பிளையரால ஓரத்த பிடிச்சு பனங்கிழங்கு தோல உரிக்கற மாதிரி சுத்தி உரிச்சு எடுங்க. உரியாம அடம் பிடிச்சா எதிர்ப்பக்கம் இன்னொரு கீறல் போட்டு ரெண்டு பாதியா எடுத்துருங்க, ஒண்ணும் குறைஞ்சுராது. பின்பக்கம் ஒட்டிட்டிருக்கறத எடுக்க நான் பழைய சைக்கிள் ஸ்போக்க முனையில கொக்கி மாதிரி வளைச்சு, மழுங்க தேச்சு வச்சிருக்கேன், கடைல விக்கற ஹூக்க விட அது நல்லா வேலை செய்யும்.

ரப்பர் ரொம்ப கட்டையா இருந்தா ஃபிளாஸ்க்ல கொதிக்கற தண்ணி கொண்டு வந்து துணிய நனைச்சு சுத்தி ரெண்டு நிமிஷம் விடுங்க, இல்ல வீட்ல ஹேர் டிரையர் இருந்தா அது. லைட்டர், கேஸ் டார்ச் பக்கம் மட்டும் போயிராதீங்க. பெட்ரோல் டியூப் பக்கத்துலயே ஓடுது, அதோட ஈயப்பத்து உருகற சூடு அப்படி ஒண்ணும் பெருசு இல்ல.

பைப்பு வெளிய வந்ததும் உப்புத்தாள ஒரு விரல் அகலத்துக்கு கிழிச்சு, ஷூ பாலிஷ் போடற மாதிரி பைப்ப சுத்தி முன்னயும் பின்னயும் இழுங்க. சுத்தி விழற கீறலால ஒழுகாது, நீளவாக்குல விழற கீறலாலதான் ஒழுகும், சின்ன விஷயம் ஆனா நிறைய பேர் தப்பு பண்ற இடம் இதுதான். தேச்சப்புறம் குழி குழியா இருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க. லேசான குழின்னா ஓட்டலாம், நகம் விழற அளவுக்கு குழின்னா பைப்போட ஆயுசு முடியப் போகுதுன்னு மனச தேத்திக்கங்க.

புது ஹோஸ்ல உள்பக்கம் லேசா கூலன்ட்ட தடவிக்கிட்டு தள்ளுங்க, வழுக்கிட்டு போகும். சோப்பு தண்ணியும் ஓகே. கிரீஸ் கூடவே கூடாது, காரணம் மேலயே சொல்லிட்டேன். பைப்பு முனையில ஒரு மேடு இருக்கும் பாருங்க, ஹோஸ் அத தாண்டி நல்லா உள்ள போகணும், கிளிப்பு அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் உக்காரணும், மேட்டு மேலயே இல்ல. ஹோஸ் நீங்க வாங்குனது வண்டிக்குன்னே வளைச்சு செஞ்ச மோல்டட் ஹோஸ்தானே? மீட்டர் கணக்குல விக்கற நேர் ஹோஸ்னா திருப்பத்துல மடிஞ்சு அடைச்சுக்கும், அத கவனிங்க. ஒண்ணு மட்டும் கசிஞ்சாலும் ரெண்டையும் மாத்திருங்க, ரெண்டுக்கும் ஒரே வயசு.

அந்த மெக்கானிக்க கோவிச்சுக்க வேணாம், உங்களுக்கு முடியலைன்னா அவர்கிட்டயே போங்க, "அண்ணே, இழுக்க வேணாம், வெட்டி எடுத்துருங்க, புது ஹோஸ் இந்தாங்க"ன்னு கையில குடுத்துட்டு பக்கத்துலயே நில்லுங்க.

கேள்வி (பெரம்பூர், சென்னை): என்னோடது 2003 சான்ட்ரோ. போன மாசம் ஹீட்டர் ஹோஸ் வெடிச்சு ரோட்ல நின்னுட்டேன். மெக்கானிக் ஹீட்டருக்கு போற லைன கட் பண்ணிட்டு எஞ்சின் பக்கம் இருக்கற ரெண்டு வாயையும் ஒரே ஹோஸால சேத்து லூப் போட்டுட்டார், மெட்ராஸ்ல ஹீட்டர் எதுக்கு சார்ங்கறார். நான் ஒருநாள் கூட ஹீட்டர் போட்டதில்ல, அப்புறம் ஏன் ஹீட்டர் ஹோஸ் வெடிக்குது? இன்னொண்ணு, வெடிச்சு புகை வர்ற வரைக்கும் டெம்பரேச்சர் முள்ளு ஏறவே இல்ல, மீட்டர் ரிப்பேரா?

பதில்: கடைசி கேள்விக்கு முதல்ல வர்றேன், ஏன்னா அதுதான் எஞ்சின சாகடிக்கற விஷயம். மீட்டர் நல்லாதான் இருக்கு. சென்சார் கூலன்ட்ல முங்கி இருந்தாதான் சரியான சூட்ட சொல்லும். கூலன்ட் மொத்தமும் வெளிய கொட்டிட்டா சென்சார் வெறும் காத்துல தொங்கிட்டு இருக்கும், எஞ்சின் உள்ள வெந்துட்டிருக்கும்போது முள்ளு நடுவுலயே நிக்கும், சில சமயம் கீழகூட எறங்கும். நாம நல்லாருக்குன்னு ஓட்டிட்டே போவோம். அதனால இனிமே பானட்லருந்து ஆவி, இனிப்பு வாசனை, இல்ல முள்ளு திடீர்னு விழுந்துச்சுன்னா ஓரங்கட்டி ஆஃப் பண்ணிருங்க, அடுத்த பங்க் வரைக்கும் போயிரலாம்னு நினைக்காதீங்க. வெடிச்சப்புறம் எவ்ளோ தூரம் ஓட்டுனீங்கன்னு சொல்லல. ஆயில் கேஜ வெளிய எடுத்து பாருங்க, பால் டீ கலர்ல இருந்தா, இல்ல எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர்ல விடாம குமிழ் வந்தா, ஹெட் கேஸ்கட்ட, அதான் எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகட்ட, பாக்கணும்.

நீங்க ஹீட்டர் போடாட்டியும் ஹோஸ்ல கூலன்ட் இருக்கு, அழுத்தமும் இருக்கு. நிறைய வண்டிகள்ல கோர் வழியா எப்பவும் சுடு கூலன்ட் ஓடிட்டேதான் இருக்கும், நீங்க நாப்ப திருப்புனா உள்ள ஒரு கதவு தொறந்து காத்துதான் அந்தப் பக்கம் போகுது, அவ்ளோதான். வால்வு வச்ச வண்டியிலயும் வால்வு வரைக்கும் அதே அழுத்தம்தான். அதனால ஹீட்டரே போடாத மெட்ராஸ் வண்டிலயும் ஹோஸுக்கு வயசாகும். அதுவும் பெரும்பாலும் உள்பக்கமிருந்து, கிளிப்புக்கு பக்கத்துல ரெண்டு இஞ்சுக்குள்ளதான் முதல்ல விரிசல் விடும், வெளிய பளபளன்னு புதுசு மாதிரி இருக்கும். ஆறுன எஞ்சின்ல முனைப்பக்கம் கட்டைவிரலால அமுக்குங்க, அப்புறம் நடுப்பகுதிய அமுக்குங்க, முனை மட்டும் கொழகொழன்னோ உள்ள நொறுங்கற மாதிரியோ இருந்தா மாத்தற நேரம் வந்துருச்சு.

லூப் பத்தி. அவசரத்துக்கு அவர் பண்ணது சரி. ரெண்டு வாயையும் தனித்தனியா கட்டை அடிச்சு அடைக்கறத விட லூப் எவ்ளோவோ மேல், ஏன்னா சில எஞ்சின்ல தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடற வால்வு) மூடி இருக்கும்போது தண்ணி சுத்தி வர்றதுக்கு அந்த பாதையும் வேணும். மெட்ராஸ்ல ஹீட்டர் எதுக்குங்கறதும் ஓரளவு நியாயம்தான், நம்ம ஊர் மழையில கண்ணாடி உள்பக்கம் பனி படிஞ்சா ஏசி போட்டாலே போயிரும். ஆனா ரெண்டு விஷயம் இழக்கறீங்க. ஒண்ணு, எப்பவாவது மலைக்கு போனா ராத்திரி கண்ணாடி தெளிய சூடான காத்து வேணும். இன்னொண்ணு பெருசு: மலை ஏறும்போது எஞ்சின் சூடாச்சுன்னா ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஹீட்டர ஃபுல்லா போட்டு ஜன்னல தொறந்து விட்டா அந்த குட்டி கோர் ரெண்டாவது ரேடியேட்டரா வேலை செய்யும், வேர்த்து கொட்டும், ஆனா எஞ்சின் பொழைக்கும். லூப் போட்ட வண்டியில அந்த கடைசி ஆயுதம் இல்ல. கோர் நல்லா இருந்தா நான் திரும்ப புது ஹோஸ் போட்டு சேத்துருவேன். கோரே ஒழுகுதுன்னா, நீங்க சென்னைய தாண்டறதில்லைன்னா, லூப்லயே விடுங்க, யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா அந்த லூப் ஹோஸ் மடிஞ்சு நசுங்காம வளைஞ்சிருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): வணக்கம் அண்ணை. என்ர 2005 கொரோலாவில ஹீற்றர் ஹோஸ் ரெண்டும் ஒழுகுது எண்டு போன கிழமை நானே மாத்தினனான். கழட்ட வலு கஷ்டம், கடைசியில வெட்டித்தான் எடுத்தனான். இப்ப ஒழுக்கு ஒண்டும் இல்லை, ஆனா சிக்னல்ல நிக்கேக்க ஹீற்றரில குளிர் காத்துத்தான் வருது, ஓடத் தொடங்கினா சூடா வருது. வெளியில மைனஸ் 15, பிள்ளையள் பின்னால இருந்து கத்துதுகள். கோர் அடைச்சுப் போச்சோ?

பதில்: வெட்டி எடுத்தீங்க பாருங்க, குன்னூர்காரர் உங்ககிட்ட டியூஷன் வரணும். கோர் மேல இப்பவே சந்தேகப்பட வேணாம், இது ஏர்லாக். ஹோஸ் மாத்தும்போது உள்ள போன காத்து கோர்லயே குந்திக்கிட்டிருக்கு. ஓடும்போது எஞ்சின் வேகத்துல பம்ப் பலமா தள்ளுது, அந்த காத்த தாண்டி கூலன்ட் போயிருது, சூடு வருது. சிக்னல்ல பம்ப் மெதுவா சுத்துது, காத்து வழிய மறிச்சிக்குது. இல்லைன்னா கூலன்ட்டே குறைவா இருக்கும், ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணுதான்.

எஞ்சின் ஆறுனப்புறம் வண்டியோட மூக்கு மேல இருக்கற மாதிரி ஏத்தமான எடத்துல நிறுத்துங்க, டிரைவ்வே சரிவா இருந்தா அதுவே போதும். ரேடியேட்டர் மூடிய தொறந்து வாய் வரைக்கும் கூலன்ட் ஊத்துங்க. ஹீட்டர் நாப் ஃபுல் ஹாட்ல, ஃபேன் மட்டும் ஒண்ணுல. மூடிய தொறந்தபடியே எஞ்சின ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல விடுங்க. கொஞ்ச நேரத்துல குமிழ் குமிழா வரும், மட்டம் இறங்கும், ஊத்திக்கிட்டே இருங்க. மேல் ரேடியேட்டர் ஹோஸ அப்பப்ப அமுக்கி அமுக்கி விட்டா தங்கியிருக்கற காத்து கிளம்பும். அந்த மேல் ஹோஸ் சுட ஆரம்பிச்சா தெர்மோஸ்டாட் தொறந்துருச்சுன்னு அர்த்தம், அப்ப மட்டம் சட்டுன்னு இறங்கும், பயப்படாதீங்க, மறுபடி ஊத்துங்க. குமிழ் நின்னு உள்ள சூடா காத்து வந்ததும் மூடிய போட்டு, ரிசர்வ் டப்பாலயும் கோடு வரைக்கும் ஊத்திருங்க. மறுநாள் ஆறுனப்புறம் இன்னொரு தடவை மட்டம் பாக்கணும், எப்பவும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இவ்ளோ பண்ணியும் அதேதான்னா, எஞ்சின் சூடா இருக்கும்போது நீங்க மாத்துன ரெண்டு ஹோஸையும் கையுறையோட தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே சூடுன்னா கோர் வழியா ஓட்டம் இருக்கு, காத்துக்கதவு பக்கம் பாக்கணும். ஒண்ணு சுட்டு இன்னொண்ணு வெதுவெதுப்புன்னா அப்ப நீங்க சொன்ன அடைப்ப பத்தி பேசலாம். அப்புறம், உங்க ஊர் குளிருக்கு வெறும் தண்ணி ஊத்தி ஒப்பேத்தியிருந்தா இன்னிக்கே மாத்துங்க. பாதிக்கு பாதி கலந்த கிளைக்கால் கூலன்ட்தான் மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது, வெறும் தண்ணி உறைஞ்சா பிளாக்கையே பொளந்துரும்.

கேள்வி (கொடைக்கானல்): வண்டிக்குள்ள ஹீட்டர் போட்டா பாயசம் மாதிரி ஒரு இனிப்பு வாசனை, முன் கண்ணாடில உள்பக்கம் எண்ணெய் படிஞ்ச மாதிரி இருக்கு, தொடைச்சா இழுவுது. ஹோஸ் எல்லாம் காஞ்சுதான் இருக்கு. ஒரு லாரி டிரைவர் ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட சொல்றார், போடலாமா?

பதில்: பாயசம் இல்லைங்க, கூலன்ட். ஹீட்டர் கோர் லீக். சூடான கோர் மேல கசிஞ்சு ஆவியாகி கண்ணாடில படியுது. முன் பக்கம் கால் வைக்கற இடத்துல கார்பெட்ட தூக்கி அடியில கைய வச்சு பாருங்க, விரல்ல பிசுபிசுன்னு கலரோட ஒட்டுனா கூலன்ட், வெறும் தண்ணியா இருந்தா ஏசி டிரெயின் டியூப் அடைப்பு. நாக்குல வச்சு டெஸ்ட் பண்றவங்கள பாத்திருக்கேன், அது விஷம்ங்க.

மஞ்சத்தூள் பழைய லாரிக்காரங்க வைத்தியம், நடுக்காட்டுல ரேடியேட்டர் ஒழுகி நிக்கும்போது ஊர் போய் சேர அது உதவியிருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு எந்த ஓட்டை நல்ல ஓட்டை, எது கெட்ட ஓட்டைன்னு தெரியாது. கோர்ல இருக்கற ஊசி மாதிரி குழாயத்தான் முதல்ல அடைக்கும், லீக் நிக்குமோ இல்லையோ ஹீட்டர் நின்னுரும். உங்க ஊர்ல ஹீட்டர் இல்லாம ரொம்ப நாள் ஓட்ட முடியாது. கோர மாத்தற வரைக்கும் பெரம்பூர்காரருக்கு போட்ட லூப்ப போட்டு ஓட்டுங்க. கோர் மாத்தும்போது ஹோஸையும் சேத்து மாத்துங்க, காஞ்சிருக்குன்னு விட்டுராதீங்க. பழைய ஹோஸ புது கோர் மேல மாட்டி, அடுத்த வருஷம் ஒட்டிக்கிச்சுன்னு திருகி புது கோர உடைச்சவரும் இருக்கார், ஆள் யாருன்னு சொல்ல மாட்டேன், இந்த தடவை நான் இல்ல.

கேள்வி (மதுரை): கம்பெனி மாட்டுன ஸ்பிரிங் கிளிப்ப எடுத்துட்டு ஸ்க்ரூ கிளிப் போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்ங்கறாங்க, உண்மையா?

பதில்: பாக்கத்தான் ஸ்ட்ராங். ஸ்க்ரூ கிளிப் நூறு வருஷத்து சரக்கு, பிரிட்டிஷ் கடற்படைல இருந்த கமாண்டர் லம்லி ராபின்சன்ங்கறவர் 1921ல பேட்டன்ட் வாங்குனது, வெளிநாட்ல அத ஜூபிலி கிளிப்னே கூப்புடுவாங்க. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனா ஒரு தடவை இறுக்குனா இறுக்குன எடத்துலயே நிக்கும். ரப்பரும் பைப்பும் சூட்டுல விரிஞ்சு குளிர்ல சுருங்குது, நாள்பட ரப்பர் அமுங்குது, கிளிப் கூட வராது, அதனாலதான் புதுசா போட்டு ஒரு வாரத்துல காலைல மட்டும் ஒரு சொட்டு தெரியும், அப்ப அரை சுத்து இறுக்கணும். அத விட்டுட்டு முதல் நாளே மூச்ச பிடிச்சு இறுக்குனா மெல்லிசு பைப்பு நசுங்கும், இல்ல கிளிப்போட பல்லு ஓட்டை வழியா ரப்பர் பிதுங்கி வெட்டுப்படும். ஸ்பிரிங் கிளிப் தானா விரிஞ்சு தானா சுருங்கும், அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். துரு பிடிக்கலைன்னா, வாய் அகண்டு போகலைன்னா அதையே திரும்ப போடுங்க. கழட்டும்போது மட்டும் கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கங்க, பிளையர்லருந்து நழுவுனா எங்க பறக்கும்னே தெரியாது, எங்க பட்டறை கூரை ஓட்டுல ஒண்ணு இன்னும் இருக்கு.

ஸ்க்ரூ கிளிப்தான் போடறீங்கன்னா, விளிம்பு மேல மடிச்சு விட்டதா, ஹோஸ் சைஸுக்கு சரியானதா பாத்து வாங்குங்க, பெரிய கிளிப்ப வாங்கி வாலு நீட்டிட்டு நிக்க விட்டா அடுத்து கை விடறவன் விரல கிழிக்கும். ஸ்க்ரூ தலை, ஸ்க்ரூ டிரைவர் எட்டற பக்கம் பாத்து இருக்கற மாதிரி திருப்பி வச்சுட்டு இறுக்குங்க. எங்கிட்ட வர்ற வண்டில பாதிக்கு ஸ்க்ரூ தலை எஞ்சின பாத்துட்டு இருக்கு, மாட்டும்போது எஞ்சின் வெளிய இருந்திருக்கும் போல.